மீதி ஐந்து குதிரை

ஆகஸ்ட் 5, ஞாயிறு

புழுக்கம். மேகம் கூடியது, கலைந்துவிட்டது. மழை இல்லை.

மல்லிகா போன செய்தி வந்தது பிற்பகல் 3.40. ஜூலை 3, செவ்வாய். நிமிஷம் வரை தெரியக் காரணம், கையில் தோல் கம்பெனி லாட் கார்டு இருந்தது. மூன்றாவது கோட் ஸ்ப்ரே முடிந்த நேரத்தை எழுதிக்கொண்டிருந்தேன். 3.40 என்று எழுதி முடிக்கவும் ஆபீஸ் ப்யூன் வந்து, "சார், வேலூர்லருந்து போன்" என்றார். கார்டோடு போனேன். இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. கலர்: டார்க் டான். ஒட்டுதல்: சரி. பளபளப்பு: கொஞ்சம் ஜாஸ்தி. கையெழுத்துப் போடும் இடம் காலி.

மல்லிகாவுக்கு எட்டு நாள் காய்ச்சல். மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். அன்று காலை வேலூர் ஆஸ்பத்திரியில் தெளிவாகத்தான் பேசினாள். ஷேடு பார்த்து ஓகே சொல்ல என்னை விட்டால் ஆள் இல்லை, மத்தியானம் வந்துவிடுவேன் என்றேன்.

"ஷேடு சரியா வந்தாதான் வரணும். பாதில ஓடி வந்துட்டு அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

சிரித்தாள். ஷேடு மூன்றாவது கோட்டில்தான் சரியாக வந்தது.

இதை ஒரு தடவை எழுதிவிட வேண்டும் என்று இருந்தது. எழுதியாயிற்று. இனி மல்லிகா என்று முழுதாக எழுத வேண்டாம். ம. போதும்.

இன்று செய்தவை: துணி துவைத்தது. பின் அறை மேஜையில் தூசி தட்டியது. பொம்மைச் சிப்பாய் ஒவ்வொன்றையும் தூக்கி, அடியில் பென்சிலால் வட்டம் போட்டு, துடைத்து, அதே வட்டத்தில் திரும்ப வைத்தது. ஒரு மணி நேரம்.


ஆகஸ்ட் 6, திங்கள்

மெஸ் சாப்பாடு. ரசமா சாம்பாரா தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

அந்த மேஜை யார் கண்ணிலாவது பட்டால் குப்பை என்று நினைப்பார்கள். அதனால் என்ன இருக்கிறது என்று எழுதி வைக்கிறேன்.

பலகை: ஈரத்தோலை ஆணி அடித்துக் காயவைக்கும் பழைய பலகை. கம்பெனி கழித்தது.
புல்: பச்சைச் சாயம் போட்ட அடித்தோல். சாயம் திட்டுத் திட்டாக ஏறியதால் ரிஜெக்ட். புல்லுக்கு அதுதான் சரி.
மலை: ஊருக்கு மேலே இருக்கிற கோட்டை மலை. பிளாஸ்டர்.
பாலாறு: சாயம் போடாத வெறும் தோல், நீளத் துண்டு. நான் நீலம் அடிக்கப் போனேன். ம. பிரஷைப் பிடுங்கிவிட்டாள். "பாலாறுக்கு இன்னாத்துக்கு நீலம்? தண்ணி எப்ப வந்துது? மணல் கலரே இருக்கட்டும்."
சிப்பாய்கள்: ஈயம். அச்சாபீஸில் தேய்ந்துபோன எழுத்துகளை வாங்கி மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் உருக்கியது.
யானை: மண். கொலு பொம்மை. மற்றவைக்கு அளவு சேராது. அதன் கால் உயரம்தான் என் சிப்பாய்கள்.

பயிற்சிக்கு ஒன்பது மாதம் இங்கிலாந்தில் இருந்தபோது, அறையில் கூட இருந்தவன் ஞாயிறு முழுக்க இப்படிச் சண்டை ஆடுவான். நான் கிளம்பும்போது இரண்டு ரப்பர் அச்சு கொடுத்தான். ஒன்று காலாள், ஒன்று குதிரை. கல்யாணமாகி முதல் மாதம் ம. இதை "உங்க பொம்மைச் சண்டை" என்றாள். நாலாவது மாதம் "நம்ம சண்டை" என்றாள்.

ஆடுவது இந்த ஊர்ச் சண்டையேதான். மலையடியில் நிஜமாக நடந்தது. நவாப் யானை மேலேயே செத்தார். நான் நீலக் கோட்டு வெள்ளைக்காரன், மூன்று பீரங்கி. ம. நவாப் பக்கம். தோற்ற பக்கத்தை ஏன் எடுக்கிறாய் என்று கேட்டேன். "ஒரு தடவையாவது யானையை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போணும்" என்றாள். மூன்று ஆட்டம் ஆடினோம். மூன்றிலும் யானை விழுந்தது. மேஜையில் நிற்பது நாலாவது.

விதிகள் நிறைய. முக்கியமானவை மூன்று.
ஒன்று. அடுத்த திருப்பத்தில், அதாவது அடுத்த நகர்த்தலில், என்ன செய்யப்போகிறோம் என்று இருவரும் தனித்தனியாக எழுதி, மடித்து, பவுடர் டப்பாவில் போட வேண்டும். பிறகு இரண்டையும் சேர்த்துப் பிரிக்க வேண்டும். டப்பாவில் போட்டதை மாற்றக் கூடாது.
இரண்டு. நகர்ந்த பீரங்கி அதே திருப்பத்தில் சுடாது.
மூன்று. பெயின்ட் அடிக்காத சிப்பாய் சண்டைக்கு வரக் கூடாது. இது ம. போட்ட விதி. "அம்மணமா சண்டைக்கு அனுப்புவீங்களா?"

ஜூன் 24, ஞாயிறு சாயங்காலம், ஐந்தாம் திருப்பத்துக்கு இருவரும் எழுதி டப்பாவில் போட்டோம். தலை வலிக்குது, நாளைக்குப் பிரிக்கலாம் என்றாள். மறுநாள் காய்ச்சல்.

டப்பா மேஜை ஓரத்தில். மூடியபடி.

நான் எழுதியது எனக்குத் தெரியும். மூன்று பீரங்கியும் பாலாற்று மணல் வரை முன்னால். ம.வுக்குப் பன்னிரண்டு குதிரை. ஏழுக்குத்தான் பெயின்ட் ஆகியிருந்தது. பன்னிரண்டும் தயாராகாமல் கிளம்ப மாட்டாள் என்று என் கணக்கு.

மீதி ஐந்து வெறும் ஈயமாக ஜன்னலில் நிற்கின்றன. அந்த ஐந்தை முடித்துவிட்டுத்தான் டப்பாவைப் பிரிப்பது. அதுதான் முறை.


ஆகஸ்ட் 8, புதன்

குதிரைக்காரன் கையில் ஈட்டி வேண்டும். அச்சில் ஈட்டி வராது, முறிந்துவிடும். ம. தலையிலிருந்து கொண்டை ஊசியை உருவிக் கொடுப்பாள். நடுவில் வெட்டி நிமிர்த்தினால் இரண்டு ஈட்டி. கறுப்புப் பூச்சை அரம் போட்டு ராவினால் பளபளவென்று நல்ல இரும்பு. ஏழு குதிரைக்கு மூன்றரை ஊசி போனது.

வேண்டியது ஐந்து ஈட்டி. பாதி ஊசி டிராயரில் இருந்தது. கண்ணாடிக்குக் கீழே ஒரு முழு ஊசி, ஒரு முடி சுற்றிக்கொண்டு. முடியை எடுத்து லாட் கார்டில் டேப் போட்டு ஒட்டினேன்.

ஆக மூன்று ஈட்டி. இன்னும் ஒரு ஊசி வேண்டும். தலையணை உறை, பாத்ரூம் பிறை, கைப்பை, சமையலறை அலமாரி. எங்கும் இல்லை. கடையில் அட்டை அட்டையாகத் தொங்குகிறது. கடைவரை போனேன். கேட்கவில்லை.

மாமனார் போன். குடியாத்தம் ட்ரங்க் கால். "ஞாயித்துக்கெழம வர்றோம் மாப்ள. சும்மாதான். பாத்துட்டுப் போலாம்னு."


ஆகஸ்ட் 9, வியாழன்

ஸ்ப்ரே மேஸ்திரி காதர் பாய், டீ நேரத்தில்: "சார், நீங்க ஒரு மாசமா தப்பே கண்டுபுடிக்கல. பசங்க பயப்படறானுங்க."

"நல்லா வேலை செய்யறாங்க போல."

"நல்லாவா? நேத்து போட்ட கோட் நகத்துல சொரண்டினா வருது. நீங்க பாத்தீங்க, தலையாட்டினீங்க, போய்ட்டீங்க. ரெண்டு திட்டு திட்டுங்க சார். பேஜாரா இருக்குது."

திட்டிப் பார்த்தேன். எனக்கே கேட்கவில்லை.

சாயங்காலம் ஐந்து குதிரைக்கும் அடி கோட். கம்பெனி பிக்மெண்ட்தான். குதிரைக்காரன் உடையில் ம. கட்டம் போட வைத்திருந்த பிரஷ் இருக்கிறது: தீக்குச்சி முனையில் நூலால் கட்டிய ஆட்டு முடி. பதனிடாத பச்சைத் தோலிலிருந்து நான் பிடுங்கி வந்தது. மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினாள். "நீங்க தெரு முனையில வர்றப்பவே எனக்கு வாசனை வந்துடும். வீட்டுக்குள்ள இது வேறயா?"


ஆகஸ்ட் 12, ஞாயிறு

தூறல் காலையில், பத்து நிமிஷம். பிறகு வெயில்.

மாமனாரும் உஷாவும் வந்தார்கள். உஷா ம.வின் தங்கை. வேலூரில் டீச்சர் ட்ரெய்னிங், இரண்டாம் வருஷம். அத்தைக்கு முட்டி வலி, வரவில்லை.

மாமனார் வாசலில் நின்றுவிட்டார். ம.வின் செருப்பு அங்கேயேதான் இருக்கிறது. ஒன்று கவிழ்ந்திருந்தது. குனிந்து, நிமிர்த்தி, ஜோடி சேர்த்து வைத்துவிட்டு உள்ளே வந்தார். நாலு தறிக்கு முதலாளி. குனிந்து நான் பார்த்ததில்லை.

பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தார். "நான் இப்ப ஒண்ணும் பேச வரல மாப்ள. ஆடி மாசம். நல்ல பேச்சு பேசக் கூடாது."

"சரிங்க மாமா."

"அதனால பேசல. ஆனா உஷா படிப்பு தை மாசத்துக்குள்ள எப்படியும் ஒரு நெலைக்கு வந்துடும். வெளில எடம் பாக்கவா, வேணாமான்னு நான் முடிவு பண்ணணும். இதெல்லாம் நான் இப்ப பேசல."

"சரிங்க."

"ஆவணி மொத ஞாயிறு காலைல பத்து மணிக்கு போன் பண்றேன். அப்ப கேக்கறேன். நீங்க இன்னா சொன்னாலும் சரி. ஒண்ணும் சொல்லலேன்னா சம்மதம்னு எடுத்துக்கறேன். கூச்சம் இருக்கும், எனக்குத் தெரியும்."

ஆடியில் பேசாமலேயே எல்லாம் பேசி முடித்துவிட்டார். பிறகு ஃபேனைப் பார்த்தபடி சொன்னார். "தப்பா நெனைக்காதீங்க. அவ போய்ட்டா. நாளைக்கு நீங்க வேற எடத்துல கட்டுவீங்க, கட்டணும். அப்ப இந்த வாசப்படி ஏற எனக்கு இன்னா மொறை இருக்குது? இந்த வீட்டுக்கு வர்றதுக்கு எனக்கு ஒரு வழி வேணும். அவ்ளோதான்."

நான் காபி போடுகிறேன் என்று எழுந்தேன். உஷா முந்திக்கொண்டாள்.

காபி கொடுத்துவிட்டு பின் அறைக்குப் போனாள். நானும் போனேன். மேஜையைச் சுற்றி வந்தாள்.

"இதுதானா? அக்கா லெட்டர் பூரா இதான். எது அக்கா சைடு?"

"யானை."

"தோக்கற சைடா?"

"ஆமா."

"அவ அப்படித்தான். கேரம்ல கூட கறுப்புதான் கேப்பா." குனிந்து ஒரு குதிரைக்காரனைக் கண்ணுக்குப் பக்கத்தில் எடுத்தாள். "மாமா! இது எங்க நாலாவது தறிக் கட்டம். மெரூன்ல ரெண்டு இழை மஞ்சள். இந்தக் கைலி நிறுத்தி மூணு வருஷம் ஆவுது. அப்பாவுக்கே மறந்திருக்கும்."

நவாப் குதிரைப் படை ஏழு பேருக்கும் குடியாத்தத்துக் கைலி. அரை அங்குலத்துக்குள் கட்டம். எனக்கு அது ஏதோ ஒரு கட்டம் என்றுதான் இவ்வளவு நாள்.

பிறகு கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். சன்னமாகச் சொன்னாள்.

"மாமா, நீங்க வேணாம்னு சொல்லிடுங்க. நான் சொன்னா எடுபடாது. அழுவாங்க, அக்கா பேரைச் சொல்லுவாங்க, நான் சரின்னுடுவேன். உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல. அக்கா பொடவைய கட்டிக்கிட்டு, அக்கா கரண்டியப் புடிச்சிக்கிட்டு, இங்க என்னால முடியாது."

தலையாட்டினேன்.

"தலையாட்டாதீங்க. வாயால சொல்லணும். ஞாயித்துக்கெழம."

"சரி."

ஜன்னலில் ஈட்டி இல்லாத இரண்டு குதிரையைப் பார்த்து, இவங்களுக்கு இன்னா என்று கேட்டாள். கொண்டை ஊசி கிடைக்கவில்லை என்றேன். கொண்டையிலிருந்து ஒன்றை உருவி ஜன்னல் திட்டில் வைத்துவிட்டுப் போனாள்.

பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். வீட்டில் மூன்று காபி டம்ளர். கழுவாமல் அப்படியே விட்டேன், நாளை வரை.


ஆகஸ்ட் 13, திங்கள்

ஒன்றை எழுதிவிட வேண்டும். நேற்று சமையலறையில் உஷா யாரிடமோ, அப்பாவிடம்தான், "சர்க்கரை எங்க வெச்சிருக்காங்க, டப்பா பூரா உப்பா இருக்குது" என்றபோது குரல் அப்படியே ம. நான் எழுந்து நின்றுவிட்டேன். பதில் வாய் வரை வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஒன்றும் சொல்லாமல் இருந்தால் போதும். எதுவும் செய்ய வேண்டியதில்லை. தையில் இந்த வீட்டில் அந்தக் குரல் இருக்கும். அவள் சரி என்றுவிடுவாள், அவளே சொன்னாள்.

ஒரு மாதமாக எனக்கு எதுவும் சொல்லாமல் இருப்பதுதான் சுலபம்.

டம்ளர் கழுவினேன்.


ஆகஸ்ட் 15, புதன்

லீவு. காலை கம்பெனியில் கொடி, மிட்டாய். வெளிச்சம் நன்றாக இருந்தது. ஜன்னலருகே பெயின்ட் வேலை, மூன்று மணி வரை.

ஐந்து குதிரையும் முடிந்தது. உடம்பு, சேணம், தலைப்பாகை, கைலி. கட்டம் எனக்கு ம. மாதிரி வராது. கோடு கோணலாக ஓடுகிறது. ஈட்டி ஐந்தும் பொருத்தியாயிற்று. அதில் இரண்டு உஷா கொடுத்த ஊசி.

பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ம.வின் ஏழு பழசாக, என் ஐந்து புதுசாக, வேறு வேறு படை மாதிரி. தோலில் இப்படி இரண்டு லாட் ஷேடு சேராவிட்டால் மேலே ஒரே டோன் ஓட்டிச் சேர்த்துவிடுவோம். அதையே செய்தேன். கடுக்காய்ச் சாறு, நீர்க்க. பன்னிரண்டுக்கும் ஒரே மாதிரி பழுப்பு பூசினேன். மடிப்பிலெல்லாம் இறங்கி நல்ல நிழல் கொடுத்தது. பன்னிரண்டும் ஒரே படை ஆனது.

ஈரம் காயட்டும் என்று தட்டு போட்டு மூடி வைத்தேன்.

ரொம்ப நாள் கழித்து ஒரு வேலையைச் சரியாகச் செய்த மாதிரி இருந்தது. இரண்டு வாழைப்பழம் சாப்பிட்டேன்.


ஆகஸ்ட் 16, வியாழன்

கறுப்பு. பன்னிரண்டும்.

ஈட்டியிலிருந்து இறங்கி, கை, மார்பு, குதிரை கழுத்து, கைலி எல்லாம் மை. ம. போட்ட கட்டம் ஏழில் ஒன்றிலும் தெரியவில்லை.

இரும்பும் கடுக்காயும் சேர்ந்தால் மை. அந்தக் காலத்தில் எழுதுகிற மையே அப்படித்தான் காய்ச்சினார்கள். தோல் படித்த முதல் வாரம் சொல்லித்தருவது. கடுக்காய் போட்ட தோல் மேல் ஒரு ஆணி விழுந்தால் கத்துகிறவன் நான். பூச்சை ராவி இரும்பைத் திறந்துவிட்டவனும் நான்தான். அதை அவளுடைய ஏழுக்கும் பூசினவனும் நான்தான். பூச வேண்டிய அவசியமே இல்லை. ஏழும் சும்மா நின்றுகொண்டிருந்தன.

தொட்டதில் விரலெல்லாம் கறுப்பு. காதர் பாய் பார்த்துவிட்டார்.

"இன்னா சார் கைல மை? எலெக்‌ஷனா?"

சொன்னேன். எல்லாம் சொன்னேன். சிப்பாய், ஈட்டி, ஊசி, யாருடைய ஊசி. யாரிடமும் சொன்னதில்லை. ஸ்ப்ரே பூத் ஓடிக்கொண்டிருந்தது, கத்திச் சொல்ல வேண்டியிருந்தது.

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரித்தார்தான். "சார், கடுக்கா மேல இரும்பு பட்டா இன்னா ஆவும்னு எங்க வீட்டு ஆடு கூட சொல்லும். நீங்க சீமைல போய் படிச்சவரு." பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆக்ஸாலிக் போடுங்க. கறை எடுக்க நீங்கதான எங்களுக்குச் சொல்லிக் குடுத்தீங்க. கம்மியா போடுங்க. ஜாஸ்தியா போட்டா அவங்க அடிச்ச பெயின்ட்டும் சேந்து வந்துடும்."

ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தார். போகும்போது, "சார். ஊசிக்கு எங்க வீட்ல கேட்டிருக்கலாம்ல?"


ஆகஸ்ட் 17, வெள்ளி

ஆவணி பிறந்தது. தெருவில் மேளச் சத்தம், யாருக்கோ நிச்சயம்.

ஆக்ஸாலிக், மிக நீர்க்க. ஆட்டு முடிப் பிரஷ். ஒரு கட்டத்துக்கு ஒரு சொட்டு, எண்ணி இருபது, ஒற்றி எடு. மறுபடி.

என் ஐந்தும்: கறுப்பு போனது, பெயின்ட்டும் போனது. பரவாயில்லை.
ம.வின் ஏழு: நாலு முழுதாகத் திரும்பி வந்தது. மஞ்சள் இழை இரண்டும் தெரிகிறது. மூன்றில் கைலி தப்பித்தது, கையில் கறுப்பு நிற்கிறது. இன்னும் எடுத்தால் விரல் போய்விடும்.

அந்த மூன்றையும் அப்படியே விட்டேன். சாயத் தொட்டியில் நிற்கிறவன் கை மாதிரி இருக்கிறது. இந்த ஊர் ஆள்தான், இருக்கட்டும்.


ஆகஸ்ட் 18, சனி

அரை நாள். கம்பெனியில் ஒரு லாட்டை நிறுத்தினேன். அடி கோட் ஒட்டவில்லை, திரும்ப அடி என்றேன். காதர் பாய் பசங்களைப் பார்த்து, "வந்துட்டாருடா" என்றார்.

என் ஐந்துக்கும் மறுபடி பெயின்ட். கடுக்காய் இல்லை. கட்டம் இப்போதும் கோணல். மேலே பளபளப்புக்கு லாக்கர் ஒரு கோட். காய்ந்தது நாலரைக்கு.

பன்னிரண்டும் தயார். டப்பாவைப் பிரிக்கலாம்.

பிரிக்கவில்லை. குளித்தேன், கடைக்குப் போனேன், செய்தித்தாள் படித்தேன். முதலில் பெயின்ட் ஆகவில்லை, பிறகு ஊசி இல்லை, பிறகு கறை. இன்று எதுவும் பாக்கி இல்லை. பிரித்துவிட்டால் அவள் எனக்கு எழுதியதில் படிக்காதது ஒன்றும் மிச்சம் இருக்காது.

நாளை காலை. பத்து மணிக்கு முன்.


ஆகஸ்ட் 19, ஞாயிறு

வெயில். காற்று இருக்கிறது, ஆனால் தோல் வாசனைக் காற்று.

எட்டரை. குளித்து, சட்டை போட்டுக்கொண்டு மேஜை முன்னால். டப்பா. இரண்டு காகிதம். என்னுடையது நோட்டுத் தாள். அவளுடையது வழக்கம் போல் தினக் காலண்டரில் கிழித்தது, ஜூன் 23 சனிக்கிழமைத் தாளின் பின்பக்கம். பென்சில்.

அப்படியே எழுதுகிறேன்.

"5. யானை மலைக்குப் பின்னால போகட்டும். யாரும் பார்க்கக் கூடாது.
ஏழு குதிரையும் இப்பவே. ஆத்து மணல்ல இறங்கி நேரா பீரங்கிக்கு.
மீதி அஞ்சுக்குக் காத்திருக்க வேணாம். அது முடிஞ்சப்ப வரட்டும்.
இதைப் படிச்சுட்டு மூஞ்சிய தூக்கிவெச்சிக்கக் கூடாது."

இரண்டு தடவை படித்தேன். ஜன்னலில் ஐந்து குதிரையும் வெயிலில் பளபளவென்று.

சத்தமாகச் சிரித்தேன். சத்தம் கேட்டு நானே திரும்பிப் பார்த்தேன்.

பிறகு கட்டளைப்படி. என் பீரங்கி மூன்றும் ஆற்று மணல் வரை முன்னால். யானை மலைக்குப் பின்னால். ஏழு குதிரையும் மணலில் இறங்கி, கறுப்புக் கை மூன்றும் முன்வரிசையில், பீரங்கி வாய்க்கு நேராக. நகர்ந்த பீரங்கி சுடாது. அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நான் முன்னால் நகர்த்துவேன் என்று கணக்குப் போட்டிருக்கிறாள். என்னைவிட என்னைத் தெரிந்திருக்கிறது.

பகடை. அவளுக்கு இடது கையால், எனக்கு வலது கையால். அவளுக்கு ஐந்து. எனக்கு இரண்டு.

மூன்று பீரங்கியும் போனது. யானை நிற்கிறது.

ஆறாம் திருப்பம். நோட்டுத் தாளில் "பின்வாங்கு" என்று எழுதி, மடித்து, டப்பாவில் போட்டேன். மூடினேன். உள்ளே ஒரே காகிதம்.

பத்து மணி ஐந்து நிமிஷம், போன். எக்ஸ்சேஞ்ச் பெண்: "குடியாத்தம், பேசுங்க."

"மாப்ள? ஆவணி பொறந்துட்டுது. இப்ப கேக்கலாமா?"

"கேளுங்க மாமா."

"நான் இன்னா கேக்கப் போறேன். உங்களுக்குத் தெரியும்." கொஞ்ச நேரம் விட்டார். லைனில் இரைச்சல். "சரி. நீங்க ஒண்ணும் சொல்லல. அப்ப நான்..."

"வேணாம் மாமா."

"இன்னா?"

"வேணாம். உஷா படிக்கட்டும். வேற எடம் பாருங்க. நல்ல எடமா."

"அது ஏதாவது சொல்லிச்சா உங்ககிட்ட?"

"இல்ல. நான்தான் சொல்றேன். எனக்கு வேணாம்."

பின்னால் அத்தை என்ன என்ன என்று கேட்பது கேட்டது. மாமனார் மூச்சு கேட்டது.

"மாமா, நீங்க எப்பவும் போல வாங்க. செருப்பு வாசல்லயேதான் இருக்கும்."

"எந்த மொறைல வர்றது? விருந்தாளியாவா? நான் எப்படிப்பா வருவேன் அங்க."

என்னிடம் அவர் இதுவரை 'ப்பா' போட்டுப் பேசியதில்லை. போனை வைத்துவிட்டார்.

பத்தே காலுக்கு மறுபடி. அத்தை. அழுகை மட்டும். இடையில், "அவ இருந்தா இப்படிச் சொல்லுவீங்களா?" அவள் இருந்தால் கேள்வியே இல்லையே என்று சொல்லவில்லை. வேணாம் அத்தை என்று மட்டும். மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் முழுதாகச் சொன்னேன், தலையாட்டவில்லை.

பத்தரைக்கு மறுபடி அடித்தது. மணி பதினாறு தடவை, எண்ணினேன். நின்றது. இன்னொரு தடவை எடுத்தால், அவர் அழுதால், சரி என்றுவிடுவேன். என்னை எனக்கும் கொஞ்சம் தெரியும்.

ஐந்து குதிரையையும் ஜன்னலிலிருந்து எடுத்து மேஜை விளிம்பில் வரிசையாக வைத்தேன். சண்டைக்குள் இல்லை. ஓரத்தில்.

மறுபடி மணி. போய் ரிசீவரை எடுத்து, காதில் வைக்காமல், துண்டில் சுற்றி, போனுக்குப் பக்கத்தில் படுக்க வைத்துவிட்டேன்.